விடைக்கோழிக்கு எந்த மூட்டை?

கேள்வி, 3 பிப்ரவரி 2024

வீட்டுக்குப் பின்னால் 11 கோழிகள் வளர்க்கிறேன். எட்டு நாட்டுப் பெட்டை, இரண்டு வனராஜாக் கலப்பினப் பெட்டை, ஒரு சேவல். எல்லாவற்றுக்கும் 13 வாரம் ஆகிறது. இதுவரை குஞ்சுத் தீவனம் கொடுத்தேன், தீர்ந்துவிட்டது. கடையில் லேயர் தீவனம்தான் (முட்டையிடும் கோழிக்கானது) இருக்கிறது. "இப்போதிருந்தே இதைப் போடுங்கள், சீக்கிரம் முட்டைக்கு வரும்" என்கிறார் கடைக்காரர். 50 கிலோ மூட்டை. வாங்கலாமா? ஊர் தர்மபுரிப் பக்கம்.

3 பிப்ரவரி, மாலை

வாங்காதீர்கள்.

3 பிப்ரவரி, இரவு

மாலையில் எழுதிய பதிலைப் பார்த்துவிட்டு, "கேட்டவர் என்ன பாவம் செய்தார்?" என்றாள் மனைவி. சரி, காரணத்தோடு எழுதுகிறேன்.

முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்பு. நாமக்கல் பண்ணை முட்டை ஒன்றின் ஓட்டில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தினமும் அதை உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிற கோழிக்காகக் கலந்ததுதான் லேயர் தீவனம். அதில் கால்சியம் 3 முதல் 4 சதவீதம். வளரும் விடைக்கோழிக்கு, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைக்கு, எலும்புக்காக வேண்டியது 1 சதவீதம் அளவுதான். மிச்சத்தைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். வாரக்கணக்கில் இந்த வேலையை வாங்கினால் அது கெட்டுப்போகிறது. சில கோழிகளுக்கு உடனே தெரியாது, முட்டைக்கு வந்த பிறகு ஒருநாள் காலையில் கூண்டில் கிடக்கும்.

"சீக்கிரம் முட்டைக்கு வரும்" என்பது வியாபாரப் பேச்சு. எப்போது முட்டையிடும் என்பதை இனமும் வயதும் உடல் எடையும் பகல் வெளிச்சத்தின் நீளமும் தீர்மானிக்கின்றன. சுண்ணாம்பு ஓட்டைக் கட்டும், அவ்வளவுதான்.

4 பிப்ரவரி

மேலே எழுதியதை எங்கே படித்தேன் என்று கேட்கிறார் ஒருவர். படித்தது அப்புறம். முதலில் மூன்று கோழிகளைக் கொடுத்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் பெரிய கோழிகளுக்கு வாங்கிய லேயர் மூட்டையில் பாதி மீந்து கிடந்தது. 9 வாரக் குஞ்சுகளுக்கும் அதையே போட்டேன். மழைக்காலத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்ற கஞ்சத்தனம்தான் காரணம். 15-வது வாரத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டை வெளுத்து, ஒடுங்கி உட்கார்ந்தன. எச்சம் வெள்ளைத் தண்ணீராகப் போனது. வெள்ளைக் கழிச்சல் என்று நினைத்து, கீழாநெல்லியும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது செத்ததும் அதைப் பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். சிறுநீரகம் வீங்கியிருந்தது. இதயத்தின் மேலும் ஈரல் மேலும் சாக்பீஸ் தூளைத் தூவியது போல ஒரு பூச்சு. யூரிக் அமிலம் உப்பாகப் படிந்தது என்றார். 31 வருடம் கரும்பலகையின் முன்னால் நின்றவன் நான். அந்தத் தூளை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"என்ன தீவனம் போடுகிறீர்கள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

5 பிப்ரவரி

கடையில் என்னென்ன மூட்டைகள் கிடைக்கின்றன என்று பார்ப்போம். இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐஎஸ் 1374) முட்டைக்கோழிக் குஞ்சுத் தீவனத்துக்குப் புரதம் 20 சதவீதம், வளரும் கோழித் தீவனத்துக்கு 16. முட்டையிடும் கோழிக்கு மறுபடி 18. பிராய்லர் தீவனங்களுக்கு 20-ம் அதற்கு மேலும். ஆறு வாரத்தில் கறிக்கடைக்குப் போகிற கோழிக்கானவை அவை.

குஞ்சு, வளரும் கோழி, முட்டைக்கோழி என்ற மூன்றில் நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. கடையில் இல்லாததும் அதுதான். பெரிய பண்ணைகள் தாங்களே அரைத்துக்கொள்கின்றன, சில்லறையில் கேட்பாரில்லை. நான் இருப்பது ராசிபுரத்துக்குப் பக்கத்தில். நாமக்கல் மாவட்டம், முட்டைக்குப் பேர்போன ஊர், திரும்பிய பக்கமெல்லாம் தீவன ஆலை. ஆனால் 5 கிலோ குரோயர் (வளரும் கோழி) தீவனம் கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

அகப்படவே இல்லையென்றால் ஒரு வழி: பிராய்லர் பினிஷர் (கறிக்கோழிக்குக் கடைசி வாரங்களில் போடுவது) இரண்டு பங்கு, உடைத்த மக்காச்சோளம் ஒரு பங்கு. 20-ம் 20-ம் 9-ம் கூட்டி மூன்றால் வகுத்தால் 16 சொச்சம்.

5 பிப்ரவரி, சற்றுப் பிறகு

பினிஷர் மட்டும் போட்டால் என்ன என்கிறார் ஒருவர். ஒன்றும் ஆகாது, கொழுப்பு ஏறும். வெட்டுவதற்கு வளர்த்தால் போடுங்கள். முட்டைக்கு வளர்க்கிற பெட்டை 20 வாரத்தில் வாத்து மாதிரி நடந்தால் அதற்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

9 பிப்ரவரி

ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். பிராய்லர் தீவனத்தில் பெரும்பாலும் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். குஞ்சுக்கு அது உதவிதான். ஆனால் முட்டையிடும் கோழிக்கு ஆகாத மருந்துகள் அந்த வகையில் உண்டு. நிகார்பசின் என்று ஒன்று. பழுப்பு முட்டையின் ஓட்டை வெளுக்கச் செய்யும், அடைவைத்தால் பொரிப்பதும் குறையும். ஆகவே மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். முதல் முட்டைக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே பிராய்லர் மூட்டையை நிறுத்திவிடுங்கள். சீட்டே இல்லாத மூட்டையை எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடைசெய்தது. மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதைக் கோழி கொழுக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

11 பிப்ரவரி

கேட்டவர் எழுதியிருக்கிறார். என் "வாங்காதீர்கள்" கண்ணில் படுவதற்கு முன்பே மூட்டையை வாங்கி வீட்டில் இறக்கிவிட்டாராம். கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

அம்மா சிரித்தாள். அம்மாவுக்கு 84 வயது. கோழி விஷயத்தில் என்னை அவள் மதிப்பதில்லை.

12 பிப்ரவரி

வாங்கியதைக் குப்பையில் கொட்ட வேண்டாம். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

லேயர் தீவனம் 3 கிலோ, கம்பும் உடைத்த மக்காச்சோளமும் சேர்த்து 5 கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ. ஆக 9.5 கிலோ. தானியத்தில் கால்சியம் என்று சொல்லும்படி எதுவுமில்லை, ஆகவே மூட்டையில் இருக்கும் 3.5 சதவீதம் இந்தக் கலவையில் 1.1 ஆக இறங்கிவிடும். புரதம்: லேயரிலிருந்து 540 கிராம், தானியத்திலிருந்து 500, புண்ணாக்கிலிருந்து 600. மொத்தம் 1,640 கிராம், அதாவது 17 சதவீதம். விடைக்கோழிக்குத் தாராளம்.

ஒரு குறை உண்டு. மூட்டையில் சேர்த்திருக்கும் வைட்டமின்களும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கோழிகள் வெளியே மேய்கின்றன, முருங்கைக்கீரையோ அகத்தியோ தினமும் ஒரு கொத்து கட்டித் தொங்கவிடுகிறீர்கள் என்றால் சமாளிக்கலாம். அடைத்தே வளர்க்கிறீர்கள் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, 50 கிலோவை வெயில் காலத்தில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. கொழுப்புக் கசந்துவிடும், வைட்டமின் போய்விடும். பக்கத்து வீட்டில் முட்டையிடும் கோழி வைத்திருப்பவர்களுக்குப் பாதியை விற்றுவிடுங்கள்.

15 பிப்ரவரி

அம்மாவின் முறையையும் எழுதச் சொல்லி இருவர் கேட்கிறார்கள். கேட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது, ஆகவே அவளிடம் சொல்லவில்லை.

காலையில் திறந்துவிடும்போது ஒன்றும் போடமாட்டாள். "வயிறு நிறைந்தால் எந்தக் கோழி குப்பையைக் கிளறும்?" என்பாள். மதியம் சோறு மீந்தால் கொஞ்சம் தவிட்டோடு பிசைந்து வைப்பாள். மாலை 5 மணிக்கு முறத்தில் கம்பை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் நின்று "பா பா பா" என்றால் எல்லாம் ஓடிவரும். கோழிகளை எண்ணுவதும் அந்த நேரத்தில்தான். குஞ்சுகளுக்கு மட்டும் தனிக் கவனிப்பு உண்டு. பழைய மண்பானைக்குள் கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணி வறட்டி, கொஞ்சம் ஓலை எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவைப்பாள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான். குஞ்சுகளின் நடுவே தட்டினால் ஒரு நிமிடத்தில் காலி.

என் குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதம் புரதம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "கரையானில் எவ்வளவு?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து முறையே போதும், மூட்டை எதற்கு என்று ஒருவர் துள்ளுகிறார். கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலத்துக் கோழி ஒரு அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, வருடத்துக்கு நாற்பது ஐம்பதோடு நின்றுகொண்டது. களத்துமேடு இருந்தது, எருக்குழி இருந்தது, மாட்டுத் தொழுவத்தில் சிந்திய தானியம் இருந்தது. இன்று என் வீட்டுக்குப் பின்னால் 6 சென்ட் இடம். இரண்டு பக்கம் சுற்றுச்சுவர், பாதித் தரை சிமென்ட். சிமென்டில் கோழி எதைக் கிளறும்?

24 பிப்ரவரி

ஜனவரி 30 அன்று அடைவைத்த 12 முட்டையில் 9 பொரித்தன, 20-ம் தேதி. இந்த முறை நோட்டுப் போட்டு எழுதுகிறேன்.

2 மார்ச்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். வாஸ்தவம்தான், ஆனால் குஞ்சின் தீனி முழுவதையும் பெரியவை தின்றுவிடுகின்றன. பஞ்சாரத்தைக் கவிழ்த்து, ஒரு பக்கம் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கிவைத்தேன். உள்ளே குஞ்சுத் தீவனம். குஞ்சுகள் நுழைகின்றன, பெரியவற்றால் முடியவில்லை. வழக்கமாகக் கோழியை அடைக்கிற பஞ்சாரம் இப்போது கோழியை வெளியே நிறுத்துகிறது. தாய்க்கோழி பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து என்னைத் திட்டியது.

10 மார்ச்

பல வயதுக் கோழிகள் ஒன்றாக மேய்கின்றன, யாருக்கு எதைப் போடுவது என்று கேட்கிறார் ஒருவர். எளிய விடை: எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனத்தையே போடுங்கள், கிளிஞ்சலைத் தனியாக ஒரு மண்சட்டியில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தேடி வந்து தின்னும். அதிலும் பிற்பகலுக்கு மேல்தான் அதிகம் தின்னும், ஏனென்றால் ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. விடைக்கோழி வந்து ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் வீட்டு முட்டை ஓட்டையே காயவைத்துப் பொடித்துப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தக் கற்றுக்கொண்டுவிடும்.

மணலும் சிறு கல்லும் வேறு, கிளிஞ்சல் வேறு. கல் அரைவைப்பையில் தங்கித் தானியத்தை அரைக்கும், கிளிஞ்சல் கரைந்துபோகும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

17 மார்ச்

சொந்தமாகக் கலக்க விரும்புகிறவர்களுக்கு, 8 வாரத்துக்கு மேல் நான் போடுவது, 10 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 4.3 கிலோ, கம்பு 1.5, தவிடு 2, கடலைப் புண்ணாக்கு 1.5, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 500 கிராம், தாதுஉப்புக் கலவை 200 கிராம். புரதம் 18 சதவீதம்.

18 மார்ச்

18 இல்லை, 16. ஒரு கல்லூரி மாணவர் கூட்டிப்பார்த்துச் சுட்டிக்காட்டினார். மேலே உள்ள வரிசைப்படி புரதம் 387, 165, 240, 600, 225. மொத்தம் 1,617 கிராம். நான் கம்பை இரண்டு முறை கூட்டியிருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை இப்படியா ஊர் முன்னால் நிறுத்துவது?

எப்படியும் 16-தான் வேண்டியது, ஆகவே அளவுகள் அப்படியே இருக்கட்டும்.

19 மார்ச்

கருவாடு எதற்கு, புண்ணாக்கையே கூட்டினால் போதாதா? போதாது. புரதம் என்பது ஒரே பொருள் அல்ல, லைசின், மெத்தியோனின் என்று பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது. தானியத்தில் லைசின் குறைவு, கடலைப் புண்ணாக்கிலும் அது குறைவு, மெத்தியோனினும் குறைவு. சத்துக் கணக்கில் 16 வந்தாலும் இறகு சரியாக முளைக்காது, ஒன்றையொன்று இறகைப் பிடுங்கும். கருவாடு அந்தக் குறையை நிரப்புகிறது. சைவம்தான் வேண்டும் என்றால் சோயா புண்ணாக்கும் கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கும் சேருங்கள். சோயாவில் லைசின் உண்டு, எள்ளில் மெத்தியோனின் உண்டு. நம் இட்லியில் அரிசியும் உளுந்தும் சேருவதும் இதே கணக்குதான், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது.

கருவாட்டை மாவு மில்லுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். நான் போனேன். "அடுத்து ராகி அரைக்க வருகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா சார்?" என்று மில்காரர் கேட்டார். திரும்பி வந்து உரலில் இடித்தேன். தெருவில் இருந்த பூனைகள் அத்தனையும் அன்று எங்கள் வீட்டில்தான்.

23 மார்ச்

உப்பில்லாத என்று எழுதினேனே, அதை அடிக்கோடிடுங்கள். உப்புக் கருவாட்டுக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று வருடங்களுக்கு முன் வாங்கி, கழுவாமல் கலந்துவிட்டேன். கோழிகள் தண்ணீர்ச் சட்டியைவிட்டு நகரவில்லை, எச்சம் தண்ணீராகப் போனது. நல்லவேளை, அன்று சாயங்காலமே அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் குழியில் கொட்டினாள்.

6 ஏப்ரல்

ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போடலாமா என்ற கேள்வி நான்காவது முறையாக வந்திருக்கிறது. மக்களுக்குக் கொடுக்கிற அரிசியைக் கோழிக்குப் போடுவது சரியா தவறா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். அரிசியைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன்.

1890-களில் ஜாவாத் தீவின் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வுக்கு வைத்திருந்த கோழிகளுக்கே கால் தளர்ந்து நடக்க முடியாமல் போனது. கொஞ்ச நாளில் தானாகவே எல்லாம் சரியாகிவிட்டன. விசாரித்தால், இடையில் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளை அரிசிச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார். மறுபடி உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தீட்டிய அரிசியில் இல்லாத ஏதோ ஒன்று தவிட்டில் இருக்கிறது என்று அங்கிருந்து பிடித்துத்தான் பி1 வைட்டமின் வரை போனார்கள். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு. சமையல்காரருக்கு ஒன்றும் இல்லை.

நம்முடைய புழுங்கல் அரிசியில் அவ்வளவு மோசமில்லை, புழுக்கும்போது தவிட்டுச் சத்தில் கொஞ்சம் உள்ளே இறங்கிவிடுகிறது. இருந்தாலும் அரிசி மட்டும் தின்று வளர்ந்த குஞ்சுக்கு ஏ வைட்டமின் இல்லாமல் கண் வீங்கும், பி2 இல்லாமல் கால் விரல் உள்ளே சுருளும். நொய்யைப் போடுங்கள், தவிட்டோடும் கீரையோடும் போடுங்கள், மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

7 ஏப்ரல்

தவிடு தின்னும் ராஜாவுக்கு முறம் பிடிக்கும் மந்திரி என்ற பழமொழியை என் மகள் நினைவூட்டுகிறாள். தினமும் காலையில் முறம் பிடிக்கிறவன் நான் என்பதால்.

21 ஏப்ரல்

அசோலா, தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி. அதற்குத் தொட்டி கட்டி இரண்டு வருடம் ஆகிறது, ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. "25 சதவீதம் புரதம்" என்று சொல்லி விற்கிறார்கள். அது காய்ந்த அசோலாவில். பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர். 100 கிராம் அள்ளிப் போட்டால் காய்ந்த கணக்கில் 6 கிராம், அதில் புரதம் ஒன்றரை கிராம். ஒரு ஸ்பூன் கடலைப் புண்ணாக்கில் அதற்கு மேல் இருக்கிறது.

நிறுத்திவிடச் சொல்லவில்லை. கீரையாக நினைத்துப் போடுங்கள். மஞ்சள் கரு நன்றாக நிறம் பிடிக்கும், கோழிகள் ஆசையாகத் தின்னும். தீவனச் செலவு பாதியாகும் என்று நம்பித் தொட்டி கட்டாதீர்கள். எனக்குச் சிமென்டுக்கு ஆன செலவே இன்னும் மீளவில்லை.

சூபாபுல் மரத்தின் தழையையும் ஒருவர் கேட்டார். அதில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, கோழிக்கு ஆகாது. சேலம், நாமக்கல் பக்கத்தவர்களுக்கு: மரவள்ளிக் கிழங்கின் பச்சைத் தோலும் வேண்டாம்.

12 மே

மழை பெய்து இரண்டு நாள் மூட்டம். புண்ணாக்குச் சாக்கைத் திறந்தால் ஒரு மூலையில் பச்சை நிறப் பூஞ்சணம். 4 கிலோ இருக்கும். மனம் வராமல்தான் குழியில் போட்டேன்.

வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று அண்டைவீட்டுக்காரர் சொல்கிறார். ஆகாது. பூஞ்சணம் காயும், அது விட்டுப்போன நஞ்சு போகாது. வேகவைத்தாலும் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. நோய்க்குப் பெயர் தெரியாமல் "எக்ஸ்" என்று வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் கொண்டுபோய் விட்டது. அந்தப் பூஞ்சண நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்ற பெயரே அப்போது வந்ததுதான். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் அதிகம் தங்குவதால் சீக்கிரம் சிக்கும் பிடிக்கும். 15 நாளைக்கு மேல் வாங்கிவைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள்.

13 மே

குஞ்சுகளுக்கு 12 வாரம் ஆகப்போகிறது. ஒன்பதில் ஒன்றைக் கீரி கொண்டுபோய்விட்டது. மிச்சம் எட்டு, அதில் ஐந்து பெட்டை. துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பெட்டைகள் 700 கிராமுக்கு முன்னே பின்னே. போன வருடக் குஞ்சுகளின் எடை என்னவென்று தெரியாது, அப்போது நான் எழுதிவைக்கவில்லை.

2 ஜூன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பிப்ரவரி 4-ல் மூன்று கோழிகளும் லேயர் தீவனத்தால் செத்தன என்று அடித்துச் சொன்னேன். போன வருடத்து நாட்காட்டித் தாளில் பால் கணக்கு எழுதும் வழக்கம் மனைவிக்கு உண்டு. வேறு எதற்கோ அதைப் புரட்டியபோது பார்த்தேன். மே மாதத்தில் நாங்கள் நான்கு நாள் மகள் வீட்டுக்குக் கோவை போயிருக்கிறோம். அம்மாவையும் கூட்டிப்போயிருந்தோம். கோழிக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லியிருந்தேன். சட்டி இருந்ததோ கொய்யா மரத்துக்கு மேற்கே, பிற்பகல் முழுவதும் வெயில் விழுகிற இடத்தில். பையன் தினமும் ஒருமுறை ஊற்றியிருப்பான். அந்த வெயிலில் அது எத்தனை மணி நேரம் நின்றிருக்கும்? நாங்கள் திரும்பி வந்த அடுத்த வாரம்தான் முதல் கோழி செத்தது.

தண்ணீர் இல்லாமல் போனாலும் இதே போல யூரிக் அமிலம் படியும். டாக்டர் அன்று மூன்று காரணம் சொன்னார் என்று இப்போது நினைவுக்கு வருகிறது: தீவனம், தண்ணீர், அல்லது சிறுநீரகத்தைத் தாக்குகிற ஒருவகைச் சளி வைரஸ். நான் முதலாவதோடு காதை மூடிக்கொண்டேன். மூட்டையைக் குற்றம் சொல்வது எளிதாக இருந்தது, கோவைக்குப் போனதைச் சொல்வது எளிதாக இல்லை.

ஆகவே திருத்தம். சுண்ணாம்பு மிகுந்த தீவனம் விடைக்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதில் மாற்றமில்லை. என் மூன்று கோழிகளையும் அது மட்டுமே கொன்றது என்று என்னால் சொல்ல முடியாது. சட்டியைக் கிழக்கே மாற்றிவிட்டேன், இரண்டாவது சட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன்.

3 ஜூன்

பையனைத் திட்டாதீர்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் திட்டவில்லை. அவன் இப்போது பத்தாம் வகுப்பு, கணக்கில் வீக், மாலையில் என்னிடம்தான் படிக்கிறான்.

14 ஜூலை

தர்மபுரிக்காரரிடமிருந்து செய்தி. அவருடைய வனராஜா இரண்டும் முட்டைக்கு வந்துவிட்டன, நாட்டுப் பெட்டைகளில் ஐந்து இடுகின்றன. மூட்டையில் பாதியை மைத்துனருக்கு விற்றார், மிச்சத்தை நான் சொன்ன கணக்கில் கலந்து தீர்த்தார், எதுவும் சாகவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னாராம். "நான் சொன்னபடி லேயர் போட்டதால்தானே?" என்றாராம் அவர்.

10 ஆகஸ்ட்

24 வாரம் நிறைந்து நான்கு நாள். இரண்டு விடைகளுக்குக் கொண்டை சிவக்கிறது. ஒன்று, முதுகில் கைவைத்தால் இறக்கையை விரித்துப் பதுங்குகிறது. கிளிஞ்சல் சட்டியை முற்றம் பக்கம் நகர்த்தினேன். முட்டைக்கு ஓரிரு வாரம் முன்பே எலும்புக்குள் சுண்ணாம்பைச் சேர்க்கத் தொடங்கிவிடும், ஆகவே முதல் முட்டை விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "முட்டை வந்த பிறகு" என்று மார்ச்சில் யாருக்கோ தனியாகச் சொன்னதாக நினைவு. அவர் இதைப் படித்தால் திருத்திக்கொள்ளட்டும்.

1 செப்டம்பர்

காலையில் கூண்டுக்குள் ஒரு தோல்முட்டை. ஓடே இல்லை, கையில் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பலூன் போல இருந்தது. ஏழு மாதமாக ஊருக்கெல்லாம் சுண்ணாம்புக் கணக்குச் சொன்னவன் வீட்டில்!

அம்மா சாவகாசமாகச் சொன்னாள், "முதல் முட்டை அப்படித்தான். பொறு." புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நான் அதைப் படித்திருக்கிறேன். இருந்தாலும் அன்று மூன்று முறை கிளிஞ்சல் சட்டியைப் போய்ப் பார்த்தேன்.

4 செப்டம்பர்

முழு முட்டை. 34 கிராம். ஓடு கெட்டி.

14 செப்டம்பர்

ஐந்தில் மூன்று இடுகின்றன. பிற்பகல் 4 மணிக்கு மேல் சட்டியைச் சுற்றி நின்று கிளிஞ்சலைக் கொறிக்கிற சத்தம் திண்ணை வரை கேட்கிறது. இன்று சட்டி காலி. கடைக்குப் போனேன், கிளிஞ்சல் கால் கிலோ கேட்டேன். "50 கிலோ மூட்டைதான் சார்" என்கிறார். பங்கு போட்டுக்கொள்ள ராசிபுரம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.